அவள் கைக்கு நான் வைத்த பெயர்

என் பேத்திக்கு அவளுடைய கையின் பெயர் 'ச்சீ' என்று கற்றுக்கொடுத்தவன் நான். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தினமும் செய்தேன். ஒரு நாள் அவளுக்கு வலிக்கும்படி செய்தேன். அதைப் பற்றிக் கேட்டபோது பொய் சொன்னேன். அதனால் 'தெரியாமல்' என்ற சொல்லை நான் எடுக்கப் போவதில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். மனைவி அதற்குச் சில ஆண்டுகள் முன்பே போய்விட்டாள். மகனும் மருமகளும் காலை ரயிலைப் பிடித்துப் போவார்கள். அவள் அரக்கோணத்தில் இறங்கிக்கொள்வாள், அவன் சென்னை வரை போவான். இருட்டும் நேரத்தில்தான் திருத்தணிக்குத் திரும்புவார்கள். குழந்தை தவழ ஆரம்பித்ததிலிருந்து பகல் முழுக்க அவளுக்கு நான், எனக்கு அவள். வீட்டில் வேறு ஆள் கிடையாது.

பிள்ளை வளர்த்த அனுபவம் எனக்கு இல்லை. என் மகனை வளர்த்தது அவன் அம்மா. எனக்குத் தெரிந்ததெல்லாம் சுத்தம். என் அப்பா மலைமேல் கோயில் மடப்பள்ளியில் சமைத்தவர். எங்கள் வீட்டில் சோறு பட்ட கை 'பத்து', தீட்டு மாதிரி. அந்தக் கையைக் கழுவாமல் மோர்ச் சட்டியைத் தொட்டால் மோரும் பத்து, கதவைத் தொட்டால் கதவும் பத்து. நான் விலங்கியல் படித்து அதையே பாடமாக நடத்தியவன். பத்து என்ற பேச்சை விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் அந்த இடத்தில் கிருமியைக் கொண்டுவந்து வைத்தேன், அவ்வளவுதான். கை கழுவுவதில் அப்பாவுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை.

தோளில் எப்போதும் ஓர் ஈரத் துண்டு போட்டிருப்பேன். அவள் தரையில் சிந்திய பாலைத் தொட்டால், ச்சீ. சுவரோரம் போகும் எறும்பைத் தொட்டால், ச்சீ. வாழைப்பழத்தைப் பிசைந்தால், தன் வாயில் வழியும் எச்சிலையே தொட்டுப் பார்த்தால், ச்சீ. சொல்லிக்கொண்டே கையைப் பிடித்துத் துடைப்பேன். எங்கள் பக்கம் பாதி வீடுகளில் தெலுங்கும் தமிழும் கலந்துதான் ஓடும். என் மகனே என்னை நைனா என்றுதான் கூப்பிடுவான். பல பொருள்களுக்கு எங்களிடம் இரண்டு பெயர் உண்டு. ச்சீக்கு மட்டும் இரண்டு மொழியிலும் அதே ச்சீதான்.

இத்தனைக்கும் ஆய்வகத்தில் தவளையைப் பார்த்து ச்சீ என்று முகம் சுளித்த மாணவர்களை நான் வெளியே நிறுத்தியிருக்கிறேன். இந்த அறைக்குள் அந்த வார்த்தை வரக்கூடாது என்று வருஷா வருஷம் சொல்வேன். அது ஆய்வகத்தோடு நின்றது.

பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்தியபடி கேட்டார்.

"இன்னா சார், கொழந்தய ஷோகேஸ்ல வெச்சி வளக்கறீங்களா? ஒரு பொட்டு அழுக்கு இல்லியே."

நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

வலிக்கச் செய்த நாளைச் சொல்லிவிடுகிறேன். முந்தின நாள் அரைத்த இட்லி மாவு நன்றாகப் பொங்கி, பாத்திரத்தின் விளிம்பு வரை வந்திருந்தது. நான் கொல்லைப் பக்கம் போயிருந்தேன். திரும்பி வந்தால் குழந்தை பாத்திரத்தின் முன் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை மாவுக்குள் விட்டிருந்தாள். உள்ளே அமுக்கி, மெல்ல வெளியே எடுப்பாள். மாவு நூல் நூலாகத் தொங்கும். அதில் குமிழ் ஒன்று உடையும்போதெல்லாம் ஒரு சின்னச் சிரிப்பு. அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. இப்போது இதை எழுதும்போது எனக்குக் கேட்பது அந்தச் சிரிப்புதான். அன்று எனக்குத் தெரிந்தது வீணான மாவும் புளித்த கைகளும். கத்தினேன். கொல்லைக் குழாயடிக்குத் தூக்கிப்போய்த் துணி சோப்பைப் போட்டேன். மாவு விரலிடுக்கிலிருந்து போகவில்லை. பாத்திரம் தேய்க்கிற தேங்காய் நார் பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்துத் தேய்த்தேன். ச்சீ, ச்சீ, ச்சீ என்று சொல்லிக்கொண்டே தேய்த்தேன்.

அவள் முதலில் அழுதாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டுத் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் மருமகள் வந்து குழந்தையைத் தூக்கியதும் கேட்டாள். "கை ஏன் மாமா இப்பிடி செவந்துக்கிது?"

"வெயில்ல வெளயாடினாம்மா" என்றேன்.

அதற்குப் பிறகு குழந்தை எதையும் தொடுவதைக் குறைத்துக்கொண்டாள். எனக்கு வேலை மிச்சமானது. ஊட்டினால் வாயைத் திறப்பாள். தட்டில் கை வைக்க மாட்டாள். பிஸ்கட்டைக் கொடுத்தால் வாங்காமல் வாயை நீட்டுவாள். நடக்க ஆரம்பித்தபோதும் கைகளை மூடி மார்போடு ஒட்டி வைத்துக்கொண்டே நடந்தாள். சமர்த்து என்றேன். வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன்.

இரண்டு வயது நெருங்கும்போது மலையில் மொட்டை போட்டோம். மருமகளின் தம்பி ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்திருந்தான். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து குழந்தை முடியிறக்கும்வரை அசையவில்லை. கத்திக்கு அழாத பிள்ளை என்று முடியிறக்கியவரே வியந்தார். பிறகு தலையில் சந்தனம் பூசினார்கள். குளிர்ச்சி சட்டென்று உறைத்திருக்க வேண்டும். அவள் கை தானாக மேலே போயிற்று. உள்ளங்கை முழுக்கச் சந்தனம். அதைப் பார்த்தாள். அப்படியே கையை என் பக்கம் நீட்டி, ச்சீ, ச்சீ என்று வீறிட்டு அழுதாள்.

தாய்மாமன் சிரித்தான். "இன்னா மாமா, சாமி சந்தனத்தையே ச்சீன்றா ஒங்க பேத்தி. மடப்பள்ளி வம்சம்ன்றீங்க."

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவளைச் சமாதானம் செய்யத் தாய்மாமன் விளையாட்டுக் காட்டினான். மூக்கு எங்கே என்றால், மூடிய கையின் மணிக்கட்டால் மூக்கை இடித்துக் காட்டினாள். காது எங்கே, தொப்பை எங்கே, எல்லாவற்றுக்கும் அப்படியே. "கை எங்க?" என்றான். எதையும் காட்டவில்லை. அவன் அவளுடைய கையை எடுத்து அவள் முன்னே பிடித்து, "இது இன்னாடி செல்லம்?" என்றான்.

"ச்சீ" என்றாள். அழவில்லை. கண்ணைக் கண் என்று சொல்வதைப் போல் சாதாரணமாகச் சொன்னாள்.

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். மருமகள் சிரிக்கவில்லை. தம்பியை பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் சமையலறை வாசலில் நின்று என்னைக் கேட்டாள்.

"அன்னிக்கி கை செவந்து கெடந்துதே மாமா, அது வெயிலா?"

நார் எடுத்ததைச் சொன்னேன். முழுவதையும் சொன்னேன்.

"அதான் சோப்ப பாத்தா ஓடறாளா" என்றாள். பிறகு, "நான் வேலய வுட்டுடறேன்."

மகன் நடுவில் வந்தான். "நைனா வேணும்னா செஞ்சாரு? எதோ கோவத்துல..."

"வேணும்னுதான்டா செஞ்சேன்" என்றேன். "எனக்குக் கொஞ்ச நாள் குடும்மா. நான் பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துக்கினதுதானே மாமா இது."

அடுத்த வருஷம் பள்ளியில் சேர்க்க வேண்டும். கையால் சாப்பிடாத, பென்சில் பிடிக்காத பிள்ளையை யார் சேர்ப்பார்கள்? பள்ளியை விடுங்கள், உலகத்தை எதைக்கொண்டு தொடுவாள்? மருமகள் கடைசியில், "பொங்கல் வரிக்கும் பாப்போம்" என்றாள். என்மேல் நம்பிக்கை வைத்துச் சொன்னதாகத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் சொன்னாள்.

நான் வாத்தியார் புத்தியோடு ஆரம்பித்தேன். எவர்சில்வர் தாம்பாளத்தில் ரவையைக் கொட்டி அவள் முன் வைத்து, "தொடும்மா, ஒண்ணும் செய்யாது" என்றேன். இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டாள். நான் என் விரலால் ரவையில் கோடு போட்டுக் காட்டினேன். வட்டம் போட்டேன், மீன் போட்டேன். மீனைப் பார்த்தாள், கையை எடுக்கவில்லை. அவசரப்பட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுப் பெண்மணி வேலி வரை வந்துவிட்டார். பருப்பு வைத்துப் பார்த்தேன், சப்பாத்தி மாவு பிசைந்து வைத்தேன். எதற்கும் அந்தக் கை திறக்கவில்லை. பிடித்துத் தேய்த்த கையைப் பிடித்துத் திறக்க முடியாது என்பது புரியவே எனக்குப் பல நாள் ஆனது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் மழை விட்டிருந்த நேரம். வேட்டியை மடித்துக் கட்டிக் கொல்லையில் அடைத்து நின்ற தண்ணீரைக் குச்சியால் கிளறி விட்டுக்கொண்டிருந்தேன். அவள் பின்னாலேயே வந்திருக்கிறாள், வெறுங்காலோடு. திரும்பிப் பார்த்தபோது ஒரு கால் சேற்றில் இருந்தது. விரலிடுக்கு வழியாகச் சேறு மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது. அவள் அசையாமல் நின்றாள். என்னைப் பார்த்தாள். என் கண்ணை அல்ல, என் வாயைப் பார்த்தாள்.

அந்தச் சொல் தொடங்குகிற இடத்தில் என் நாக்கு போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அங்கேயே நிறுத்தினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கால் விரல்களை விரித்தாள். மடக்கினாள். மறுபடி விரித்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கெடுத்தது கைகளைத்தான். கால்களைப் பற்றி நான் எதுவும் சொன்னதில்லை. அவை தப்பித்திருந்தன.

செருப்பைக் கழற்றிவிட்டு நானும் அவள் பக்கத்தில் சேற்றில் கால் வைத்தேன். சொன்னால் வெட்கக்கேடு, அந்த வயது வரை நான் சேற்றை வேண்டுமென்று மிதித்ததில்லை. எனக்குக் குமட்டியது. கொஞ்ச நேரத்தில் குமட்டல் போய்விட்டது. காலை எடுக்கும்போது 'சளக்' என்று சத்தம் வந்தது. "சளக்" என்றாள். "ஆங், சளக்" என்றேன். மழை மறுபடி பிடிக்கும் வரை எங்கள் பேச்சு அந்த ஒரு சொல்தான்.

அதன் பிறகு கால்களுக்கு வேண்டியதைத் தேடி அலைந்தேன். அதே ரவையைப் பழைய கோரைப்பாயில் கொட்டினேன், நடந்தாள். தெருமுனையில் வீடு கட்டுகிறவர்களிடம் கேட்டு ஒரு வாளி ஆற்று மணல் வாங்கி வந்து, பாதியைக் காயவைத்து, பாதியை நனைத்தேன். காய்ந்த மணலிலிருந்து ஈர மணலுக்கு, ஈர மணலிலிருந்து காய்ந்ததற்கு என்று ஒரு முற்பகல் முழுக்கப் போய்வந்தாள். மலைப்பாதையில் விழுந்த சருகுகளைக் கோணிப்பையில் அள்ளி வந்தேன். சருகு நொறுங்கும் சத்தத்துக்கு முதலில் பயந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். மூடிய கைகளோடுதான் கட்டிக்கொண்டாள். கடையில் கேட்டு வாங்கிய ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் பேசினில் போட்டபோது துள்ளி ஓடினாள். ஓடிய வேகத்தில் திரும்பி வந்தாள். ஜவ்வரிசிக் கஞ்சி பிடிக்கவில்லை, உதறிவிட்டாள். அதைப் பிடிக்க வைக்க நான் முயலவில்லை. அந்த மட்டும் கற்றுக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டுப் பெண்மணி வேலி வழியாகப் பார்த்தார். "சாருக்கு இன்னா ஆச்சி? கொழந்தயும் சேறு, தாத்தாவும் சேறு."

"ஷோகேஸ் ஒடஞ்சி போச்சிம்மா" என்றேன்.

கார்த்திகையில் ஒரு நாள் சப்ஜா விதையைத் தண்ணீரில் ஊறவைத்தேன். ஊறியதும் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் கண்ணாடி போல ஓர் உறை வந்துவிடும். பார்க்கத் தவளை முட்டை மாதிரியே இருக்கும். வகுப்பில் எத்தனையோ முறை கரும்பலகையில் வரைந்தது. பேசினில் ஊற்றி வைத்தேன். அவள் இறங்கி நின்றாள். வழுக்கியதும் என் முட்டியில் சாய்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் மிதித்துவிட்டு வெளியே வந்து சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஒரு விதை மாட்டியிருந்தது. காலை ஆட்டினாள், விழவில்லை. "தாத்தா" என்று காலை நீட்டினாள்.

என் கை பாதி தூரம் போய்விட்டது. துண்டும் தோளில்தான் இருந்தது. கையைப் பின்னுக்கு இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். "அட, மாட்டிக்கிச்சா?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் குனிந்து பார்த்தாள். மூடியிருந்த கையிலிருந்து ஒரு விரல் வெளியே வந்தது. விதையைத் தொட்டது. விதை நழுவியது. மறுபடி தொட்டாள். இந்த முறை விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. விரலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு என் வாயைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. விதையைத் திரும்பக் கால்விரல் இடுக்கிலேயே வைத்தாள். எடுத்தாள். வைத்தாள். இரண்டு விரல் ஆயிற்று. அன்று சாப்பாட்டு நேரம் தாண்டியும் நான் அவளை எழுந்திருக்கச் சொல்லவில்லை.

மாலையில் மருமகள் வந்தபோது குழந்தையின் விரல்களில் விதைகள் கறுப்புக் கறுப்பாகக் காய்ந்திருந்தன. நான் கழுவியிருக்கவில்லை.

"இன்னா மாமா கையி இப்பிடிக்கிது?"

"அவளேதாம்மா தொட்டா."

அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் தரையில் உட்கார்ந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். வேலையை விடும் பேச்சு அதன் பிறகு வரவில்லை. மறுநாள் ரயிலுக்குக் கிளம்பும்போது, "சுண்டல் கடல ஊறவெச்சிக்கிறேன் மாமா, வெளயாடக் கேட்டா குடுங்க" என்றாள்.

தட்டில் கை வைக்கப் பொங்கலும் தாண்டிவிட்டது. முதலில் ஒரு பருக்கை, பிறகு ஒரு பிடி. வாய்க்குப் போனதைவிடக் கழுத்துக்குப் போனது அதிகம். கையின் பெயர் மட்டும் மாறவில்லை. மாலையில் அவள் அப்பா அம்மாவை அழைக்க ஸ்டேஷனுக்கு நடக்கும்போது, தெருவைக் கடக்கும் இடத்தில் கையை உயரத் தூக்கி, "தாத்தா, ச்சீ புடி" என்பாள். பிடித்துக்கொள்வேன். அவள் அந்தச் சொல்லில் ஓர் அருவருப்பையும் வைத்திருக்கவில்லை. வைத்திருந்தவன் நான்தான். நர்சரியில் சேர்ந்த பிறகு அங்கே கற்றுக்கொண்டு வந்து ஒரு நாள் கை என்றாள்.

அந்த நர்சரியின் ஆயா என்னை வாசலில் நிறுத்தினார். "சார், ஒங்க பாப்பா எல்லா புள்ளைங்க டப்பாலயும் கைய வுடுது. நேத்து ஒரு பொண்ணோட தயிர் சாதத்துல முழுக்கையும் வுட்டுகினு ஒக்காந்துகினுது. இன்னாடின்னா, 'கொழகொழன்னுக்கிது'ன்றா."

"ஆங், சொல்றேம்மா."

"சிரிக்கறீங்களே சார்."

சிரித்தது உண்மைதான். ஆனால் அவர் சொன்னதும் நியாயம். அன்று இரவுச் சாப்பாட்டின்போது பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னேன்.

"அடுத்தவங்க டப்பால கை வுடக்கூடாதும்மா."

"ஏன்?"

அந்தக் கேள்விக்கு ஆயுள் முழுக்க என்னிடம் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. வேறு சொல் தேட வேண்டியிருந்தது.

"அது அவங்களோடது."

அவள் யோசித்தாள். என் தட்டில் ரசம் சாதம் இருந்தது. "இது?" என்றாள்.

"இது நம்பளோடது."

கை தட்டுக்குள் மணிக்கட்டு வரை இறங்கியது. நான் அதுவரை யாரோடும் ஒரே தட்டில் சாப்பிட்டதில்லை, என் மனைவியோடுகூட. தட்டை இருவருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தேன். அவள் பிசைந்ததை நானும் சாப்பிட்டேன்.

முடித்ததும் அவளைக் குழாயடிக்கு அழைத்துப் போய்ச் சோப்பை எடுத்தேன். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், "அம்மா வரணும்" என்றாள். பகலில் நானும் அவளும் மட்டும் இருக்கும்போது சொம்பில் தண்ணீர் ஊற்றுவேன், அவளே அலசிக்கொள்வாள். நார் எடுத்த அந்த நாளுக்குப் பிறகு நான் சோப்பு போட அவள் விட்டதில்லை. அன்றும் விடவில்லை. விடச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. மருமகள் அடுப்பில் இருந்த தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்து, சோப்பு போட்டு, விரல் விரலாகக் கழுவிவிட்டாள். நான் துண்டை நீட்டினேன். பேத்தி அதை வாங்கித் தானே துடைத்துக்கொண்டாள்.